தெரிஞ்சுக்கலாம் வாங்க: சென்னை டு யாழ்ப்பாணம்... வானத்தில் முக்கால் மணி, வாசலுக்கு வாசல் எவ்வளவு?

வளசரவாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. அதிகாலை ஐந்தரை மணிக்கு போன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு யாழ்ப்பாணம் நல்லூரிலிருந்து. எழுபது வயதைத் தாண்டிய அந்த வீட்டு அம்மம்மாவின் அக்கா, இரவு காலமாகிவிட்டார். அழுது ஓய்ந்த பிறகு, மறுமுனையில் இருக்கும் அக்கா மகன் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்.

"சின்னம்மா, நீங்கள் எத்தனை மணிக்கு இஞ்ச வந்து சேருவியள்? அதைக் கேட்டுத்தான் எடுக்கிற நேரத்தைச் சொல்லவேணும்."

பக்கத்தில் நிற்கும் பேரன் உடனே போனை எடுத்து, இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டிப் பார்க்கிறான். "அம்மம்மா, 355 கிலோமீட்டர்தானாம். ஜெட் வேகத்துக்கு 25 நிமிஷம்னு போட்டிருக்கு. அரை மணி நேரத்துல போயிடலாம்!"

"அரை மணித்தியாலமோ? பிறகேன் ராசா, எனக்கு நாப்பது வருஷம் எடுத்தது?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்தக் கேள்வி தமிழகத்தில் பல வீடுகளில் உண்மையாகவே எழுகிறது. 'எத்தனை மணிக்கு வருவீர்கள்?' என்பதற்குச் சொல்லும் பதிலை நம்பித்தான் அங்கே ஒரு வீடே காத்திருக்கும். அந்தப் பதிலைச் சரியாகச் சொல்ல, போன் காட்டும் தூரம் மட்டும் போதுமா? வாங்க, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்!

முதலில் தூரம். பேரன் சொன்ன 355 கி.மீ. சரிதான். இதை நீங்களே சரிபார்க்கலாம். அதற்கு ஒரு கழித்தல், ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும்.

உலக உருண்டையில் சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 12.99 பாகை வடக்கில் இருக்கிறது. பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஏறக்குறைய 9.79 பாகை வடக்கில். இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், அதாவது 80 பாகை கிழக்கை ஒட்டி, ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்றாக அமைந்திருக்கின்றன. அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111 கி.மீ. இப்போது 12.99-லிருந்து 9.79-ஐக் கழியுங்கள். மிச்சம் 3.2. அதை 111-ஆல் பெருக்கினால் 355 வந்துவிடும்.

விமானத்துறையில் கிலோமீட்டருக்குப் பதில் கடல்மைல் கணக்குத்தான். ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. அந்தக் கணக்கில் இது சுமார் 192 கடல்மைல்.

இந்த எண்ணைப் பக்கத்து ஊர்களோடு வைத்துப் பார்த்தால்தான் ஆச்சரியம். சென்னை விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் திருச்சி விமான நிலையம் 290 கி.மீ.க்குச் சற்று மேல். கோவை 400 கி.மீ.க்குச் சற்று மேல். மதுரை சுமார் 415 கி.மீ. ஆக, வான்வழியில் பார்த்தால் சென்னைக்கு மதுரையையும் கோவையையும் விட யாழ்ப்பாணம் பக்கம்! திருச்சிக்காரர்களுக்கு இன்னும் கிட்டம். திருச்சி, பலாலி விமான நிலையங்களுக்கு இடையே சுமார் 185 கி.மீ.தான்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரைபடத்தில் ஒரு கோடு போட்டால், அது மாமல்லபுரத்தை ஒட்டிப் போய்க் கடலில் இறங்கும். பிறகு புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம், கோடியக்கரை என எல்லாக் கடற்கரை ஊர்களையும் வலப்பக்கம் விட்டுவிட்டு, பாக் நீரிணையைத் தாண்டிப் பலாலியில் முடியும். நிஜ விமானம் தனக்கென வகுத்த வான்பாதையில்தான் போகும் என்றாலும், திசை இதுதான். வானம் தெளிவாக இருந்தால் போகும்போது வலப்பக்க ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

25 நிமிடக் கணக்கு எங்கே பிசகுகிறது?

இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் பறக்கும் நேரத்தைச் சொல்லும் கணக்கிகள் பெரும்பாலும் ஒரு சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. தூரத்தை மணிக்கு 800 அல்லது 850 கி.மீ. என்ற ஜெட் வேகத்தால் வகுத்துவிடும். சில கணக்கிகள் ஏறி இறங்க அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். 355-ஐ 850-ஆல் வகுத்தால் 25 நிமிடம். பேரன் பார்த்தது இதைத்தான்.

முதல் பிசகு, விமானத்தின் வகை. சென்னை - யாழ்ப்பாணம் வழியில் பறப்பது பெரிய ஜெட் அல்ல. ஏ.டி.ஆர். 72 என்ற, இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும் டர்போபிராப் விமானம். நிறுவனத்தைப் பொறுத்து 70 முதல் 78 பேர் வரை உட்காரலாம். இதன் உச்சப் பயண வேகமே மணிக்கு 510 கி.மீ. அளவுதான். அந்த வேகத்தில் 355 கி.மீ.யைக் கடக்க 42 நிமிடம் ஆகும். அதாவது முக்கால் மணி.

இரண்டாவது பிசகு, அந்த வேகம் வழி முழுக்கக் கிடைக்காது. மேலே ஏறும்போது வேகம் குறைவு. இறங்கும்போதும் குறைவு. நீண்ட பயணத்தில் இது தெரியாது. குட்டிப் பயணத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும்.

மூன்றாவது, ஓடுபாதையின் திசை. யாழ்ப்பாணம் தெற்கே இருக்கிறது என்பதற்காக விமானம் தெற்கு நோக்கி எழும்ப முடியாது. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது. காற்றை எதிர்கொண்டுதான் விமானம் எழும்ப வேண்டும். அன்றைக்கு மேலைக்காற்று அடித்தால், மேற்கு நோக்கி எழும்பி, பிறகு சுற்றித் திரும்பித்தான் தெற்கே போகும். பலாலியிலும் அப்படியே. அங்கே ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காக இருப்பதால், வடக்கிலிருந்து வரும் விமானம் வளைந்து வந்துதான் இறங்க வேண்டும்.

நான்காவது, டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நிற்கும் இடத்தைவிட்டு நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேரும் இடத்தில் நிற்கும் வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதை வரை உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். சிறு தாமதத்தைச் சமாளிக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியும் போடுகின்றன.

இதையெல்லாம் சேர்த்துத்தான் சென்னை - யாழ்ப்பாணம் விமானத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் என்று டிக்கெட்டில் போடுகிறார்கள். போன் சொன்ன 25 நிமிடத்தைப்போல மூன்று மடங்கு!

காற்று பற்றியும் கேட்பீர்கள். சென்னையிலிருந்து லண்டன் போன்ற நீண்ட பயணங்களில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆவதற்கு மேலடுக்குக் காற்று முக்கியக் காரணம். இந்தச் சின்னத் தூரத்தில் எதிர்க்காற்று அடித்தாலும் சில நிமிடங்கள்தான் கூடும்.

கடிகாரம் ஒன்றுதான்

நல்ல செய்தி ஒன்று. இந்தப் பயணத்தில் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. சிங்கப்பூர் போனால் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டும். இலங்கைக்கு அந்தத் தொல்லை இல்லை. 1996-ல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே நகர்த்தியது. 2006 ஏப்ரலில் மறுபடி பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. இப்போது இரண்டு நாட்டிலும் ஒரே நேரம். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்தால் பயண நேரம்.

வாசலுக்கு வாசல் கணக்கு

ஆனால் அக்கா மகன் கேட்டது விமானம் தரையிறங்கும் நேரத்தை அல்ல. சின்னம்மா வீட்டு வாசலில் வந்து நிற்கும் நேரத்தை. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

விமானம் பிற்பகல் 2 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். இது வெளிநாட்டுப் பயணம். அதனால் மூன்று மணி நேரம் முன்னதாக, 11 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். வளசரவாக்கத்திலிருந்து போக்குவரத்து நெரிசலில் போய்ச் சேர ஒரு மணி நேரம். ஆக 10 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 3.15-க்குப் பலாலியில் இறங்கினால், குடிவரவு, சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாணம் நகரம் சுமார் 16 கி.மீ. வாகனம் பிடித்து நல்லூர் போக அரை மணியிலிருந்து முக்கால் மணி. நேரம் மாலை 5 ஆகிவிடும்.

காலை 10 முதல் மாலை 5 வரை, மொத்தம் ஏழு மணி நேரம். அதில் முழு வேகத்தில் வானத்தில் போகும் நேரம் முக்கால் மணிகூட இல்லை. மீதி எல்லாம் சாலை, வரிசை, காத்திருப்பு.

'இதற்கு விமானம் எதற்கு?' என்று தோன்றுகிறதா? நேர் விமானம் இல்லையென்றால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

சென்னையிலிருந்து கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 643 கி.மீ. அதாவது யாழ்ப்பாணத்தையும் தாண்டி, இன்னும் 290 கி.மீ. தெற்கே போய் இறங்க வேண்டும். பிறகு வந்த திசையிலேயே வடக்கு நோக்கிச் சாலையில் ஏழெட்டு மணி நேரம் திரும்பி வர வேண்டும். விமான நிலையக் காத்திருப்பையும் சேர்த்தால் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஓடிவிடும். வயதானவர்களுக்கு, அதுவும் துக்கத்தோடு போகிறவர்களுக்கு, அந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

கப்பலும் உண்டு. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. கடலில் சுமார் 110 கி.மீ. தூரம், ஏறக்குறைய நான்கு மணி நேரம். டெல்டா மாவட்டக்காரர்களுக்கு வசதி. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் விடாது.

நாற்பது வருடம் எங்கே போனது?

இப்போது அம்மம்மாவின் கேள்விக்கு வருவோம். 355 கி.மீ.க்கு ஏன் நாற்பது வருடம்?

பலாலியில் ஓடுபாதை போட்டது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பிரிட்டிஷ் விமானப்படை. சுதந்திரத்துக்கு முன்பே மக்கள் விமானமும் வந்துவிட்டது. 1947 டிசம்பர் 10-ம் தேதி ஏர் சிலோன் தன் முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. கொழும்பு ரத்மலானையிலிருந்து கிளம்பிய டகோட்டா விமானம், காங்கேசன்துறை வழியாக மெட்ராஸ் வந்தது. அந்தக் காங்கேசன்துறை விமான நிலையம்தான் இன்றைய பலாலி. மணிக்கு 300 கி.மீ. வேகம் என்று கணக்கிட்டால், அந்த டகோட்டா இந்தத் தூரத்தை ஒன்றேகால் மணிக்குள் கடந்திருக்கும். இன்றைய டிக்கெட்டில் இருக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான்!

பிறகு நிலைமை மாறியது. இனப்பிரச்னை போராக வெடித்தது. மெட்ராஸ் விமானம் நின்றது. பலாலி ராணுவத் தளமானது. 1990-ல் அதைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் வீடு, தோட்டம் எல்லாவற்றையும் விட்டு வெளியேற நேர்ந்தது. கொழும்புக்குப் போன உள்நாட்டு விமானமும் பாதுகாப்பாக இல்லை. 1998 செப்டம்பர் 29-ம் தேதி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னாருக்கு அருகே கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள்.

போர் 2009-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் ஆயின. 2019 அக்டோபர் 17-ம் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் போய் இறங்கியது. நவம்பரில் வழக்கமான சேவை தொடங்கி, நாலு மாதம் ஓடுவதற்குள் கொரோனா வந்துவிட்டது. 2020 மார்ச்சில் நின்ற விமானம், 2022 டிசம்பர் 12-ம் தேதிதான் மறுபடி பறந்தது. 2024 செப்டம்பர் 1-ல் இண்டிகோவும் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. 2025 மார்ச் 30-ல் திருச்சியிலிருந்தும் விமானம் கிளம்பியது.

பெரிய ஜெட் விமானங்கள் எப்போது வரும் என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி எழுகிறது. அதற்கு ஓடுபாதை நீள வேண்டும். ஆனால் சுற்றிலும் இருப்பது வெறும் பொட்டல் அல்ல. 1990-ல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள். சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டாலும், இன்னமும் தங்கள் காணியைக் கேட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பயண நேரத்தைக் குறைக்கும் ஓடுபாதை, இன்னொருவர் வீடு திரும்பும் நேரத்தைக் கூட்டிவிடக் கூடாது என்ற கவலை அங்கே உண்டு.

தமிழகத்தில் அகதியாகப் பதிவாகி வாழ்கிறவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதியும் வேண்டும். அவர்களுக்குப் பயண நேரம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, அலுவலகத்தில் தொடங்குகிறது.

கிளம்பும் முன் கவனிக்க...

* இன்றைக்கு விமானம் உண்டா என்று முதலில் பாருங்கள். சின்ன வழித்தடங்களில் அட்டவணை அடிக்கடி மாறும். போன மாதம் போனவர் சொன்ன நேரத்தை நம்ப வேண்டாம்.

* இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். டிக்கெட்டுக்கு முன் அதை முடியுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

* வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் பாஸ்போர்ட்டின் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அவசரத்தில் தெரிய வரும்போது எந்த விமானமும் உதவாது.

* ஏ.டி.ஆர். சிறிய விமானம். கைப்பை அளவும் பெட்டி எடையும் எவ்வளவு என்று டிக்கெட்டிலேயே இருக்கும். படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

* சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். சிறிய விமானத்தில் படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும்.

* அங்கே யாராவது காத்திருந்தால், விமானம் இறங்கும் நேரத்தோடு குறைந்தது இரண்டு மணி நேரத்தைக் கூட்டிச் சொல்லுங்கள். மழைக்காலமென்றால் இன்னும் கூட்டுங்கள்.

என்ன பதில் சொல்வது?

அந்த வளசரவாக்கம் வீட்டுக்குத் திரும்புவோம். பேரன் மறுபடி உட்கார்ந்து, இந்த முறை தாளில் எழுதிக் கணக்குப் போடுகிறான். இன்றைக்குப் பயண அனுமதி வாங்க வேண்டும். நாளைக்கு விமானம். எல்லாம் சரியாக நடந்தால் மாலை 5 மணிக்கு நல்லூர். ஆறு மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடும். நடுவில் இருப்பது ஒரே ஒரு மணி நேரம். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால்? பெட்டி வரப் பிந்தினால்? அம்மம்மா போய்ச் சேரும்போது வீடு கழுவி முடித்திருப்பார்கள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துடுவோம்னு சொல்லிடலாமா அம்மம்மா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனை வாங்கி, அக்கா மகனிடம் தானே சொல்கிறார்.

"தம்பி, நாளைக்குப் பின்னேரம் வந்திடுவன். ஆனால் என்னை நம்பி நாளைக்கு நேரம் வைக்காதேங்கோ. நாளையிண்டைக்குக் காலமை எடுப்பம். ஒரு இரவு அக்காவுக்குப் பக்கத்தில இருக்கவேணும்."

"சரி சின்னம்மா. ஆறுதலா வாங்கோ. அதுவரைக்கும் வச்சிருப்பம்."

பேரன் பயண அனுமதிக்கான படிவத்தைத் திறந்து, அம்மம்மாவின் பாஸ்போர்ட்டைத் தேட அலமாரிப் பக்கம் போகிறான்.